ஜவ்வரிசியைப் பிடித்து ஆராய்ச்சி பழகுங்கள்

சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் பெரும்பாலும் தொலைதூரத்து விஷயங்களையே பிடிக்கிறார்கள். ராசிபுரத்திலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரவள்ளிக் காடும், களத்தில் காயும் ஜவ்வரிசியும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. தகவலைத் தேடவும் சோதிக்கவும் பழக அதைவிட நல்ல பொருள் இந்தச் சமவெளியில் இல்லை என்பது என் கருத்து. புத்தகத்தில் படித்ததைக் காட்டில் போய்ச் சரிபார்க்கலாம், காட்டில் கேட்டதைப் புத்தகத்தில் தேடலாம்.

முதலில், தலைப்பைக் கேள்வியாக்குங்கள். ‘ஜவ்வரிசித் தொழில் ஓர் ஆய்வு’ என்று வைத்தால் எதைத் தேடுவது, எங்கே நிறுத்துவது என்று கடைசிவரை தெரியாது. ‘ராசிபுரம் வட்டாரத்தில் கிழங்குக்குப் பாயிண்ட் கணக்கில் (மாவுச்சத்தின் அளவை வைத்து) விலை போடுவது விவசாயிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். யாரிடம் போக வேண்டும், எந்தக் கணக்கு வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். ஒரு வாரம் படித்தபின் கேள்வியைத் திருத்தத் தயங்காதீர்கள். திருத்தாத கேள்வி, படிக்காமல் வைத்த கேள்வியாகத்தான் இருக்கும்.

அடுத்தது தேடுசொல். கூகுள் ஸ்காலரில் ‘சேகோ’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் இந்தோனேசியா, மலேசியாவின் சேகோ பனை பற்றிய கட்டுரைகள் நிறைய வந்து விழும். நம்மூர் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. ஆகவே ‘கசாவா’, ‘டாபியோகா’ என்ற ஆங்கிலச் சொற்களையும், ‘மேனிஹாட் எஸ்குலன்டா’ என்ற தாவரப் பெயரையும், தமிழில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கூடவே சேலம், நாமக்கல், ஏத்தாப்பூர் என ஊர்ப்பெயர் ஒன்றைச் சேருங்கள். ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த ஒரு பெயரே பல கட்டுரைகளுக்குக் கதவு திறக்கும். திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளையும் விடாதீர்கள்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ தளம் இருக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை. பெரியார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அதில் உண்டு. ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், கடைசியிலுள்ள நூற்பட்டியலிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் பல வருடம் தேடிச் சேர்த்தது அங்கே இருக்கிறது. விலை கொடுத்துப் படிக்க வேண்டிய ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அரசுக் கல்லூரியில் படிப்பவர்கள் நூலகரிடம் போய்க் கேளுங்கள். தனியார் கல்லூரி மாணவர்கள் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். மாணவர் கேட்டால் மகிழ்ந்து அனுப்புகிற ஆசிரியர்கள் நிறையப் பேர்.

இனி, நான் மிக முக்கியமாக நினைக்கும் படி. கிடைத்த தகவலை முதலில் சொன்னவர் யார் என்று பின்னோக்கிப் போவது.

சேலத்துக்கு ஜவ்வரிசி வந்த கதை என்று ஒன்று ஊரெல்லாம் உலவுகிறது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வரத்து நின்றது, சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியார் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார், 1943-44 வாக்கில் இங்கே உற்பத்தி தொடங்கியது என்பது கதை. இணையத்தில் பல பக்கங்களில் கிட்டத்தட்ட ஒரே வாக்கியங்களில் இது இருக்கும். பத்துப் பக்கத்தில் இருப்பதால் பத்துச் சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் நகலெடுத்திருந்தால் சாட்சி ஒன்றுதான். வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, எது பழைய பக்கம் என்று தேதி பாருங்கள்.

பிறகு இணையத்தை விட்டு வெளியே வாருங்கள். லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883-இலும், ரிச்சர்ட்ஸின் சேலம் கெஜட்டியர் 1918-இலும் வந்தவை. போருக்கு முன் இங்கே என்ன பயிர், என்ன தொழில் என்று அவற்றில் பாருங்கள். போர்க்கால அரசுக் கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கான விண்ணப்பத்தில் தொழிலின் வரலாறும் உண்டு. படிக்கும்போது விண்ணப்பித்தவர் யார், அவருக்கு எது வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். உற்பத்தியாளர் தரப்பு எழுதியது என்பதால் அது பொய்யாகிவிடாது. கூலியாளும் விவசாயியும் சொல்லக்கூடியது அதில் இருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான். இத்தனைக்குப் பிறகும் கதைக்கு அந்தக் காலத்து ஆவணம் அகப்படாவிட்டால், ‘என்று சொல்லப்படுகிறது’ என எழுதுங்கள். அப்படி எழுதுவது நேர்மை.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் அழகான கட்டுரைத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் தரும். அப்படி ஒரு கட்டுரையே இல்லாமலும் போகலாம். தலைப்பை ஸ்காலரிலும் அந்த ஆய்விதழின் தளத்திலும் தேடுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

செய்தித்தாளையும் இதே கண்ணால் படியுங்கள். மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் இந்தியாவில் கண்டறியப்பட்டது. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2022-இல் வயலில் விட்டார்கள். விட்டார்கள் என்பது செய்தி. எவ்வளவு பூச்சி குறைந்தது என்பது ஆய்வுக் கட்டுரையில் கிடைக்க வேண்டியது. இரண்டையும் கலக்காதீர்கள்.

புள்ளிவிவரத்தில் இந்த வட்டாரத்துக்கே உரிய பள்ளம் ஒன்று உண்டு. 1965-இல் தர்மபுரியும் 1997-இல் நாமக்கல்லும் சேலத்திலிருந்து பிரிந்தன. பழைய ‘சேலம் மாவட்ட’ மரவள்ளிப் பரப்பையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பயிர் சரிந்துவிட்டது போலத் தெரியும். சரிந்தது எல்லைக்கோடாக இருக்கலாம். பொருளியல், புள்ளியியல் துறையின் பருவம், பயிர் அறிக்கைகளை எடுத்து, 1997-க்குப் பிறகு சேலத்தையும் நாமக்கல்லையும் கூட்டி ஒப்பிடுங்கள். முந்தைய ஆண்டுகளில் வட்டவாரிக் கணக்கு கிடைத்தால் இன்னும் நல்லது.

களத்துக்குப் போகும்முன் அங்கே புழங்கும் பேச்சைத் தெரிந்துகொள்ளுங்கள். பாயிண்ட் என்பது கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு. சேகோ ஃபேக்டரிக்குப் போகும் கிழங்குக்கு ஒரு விலை, சிப்ஸுக்குப் போகும் கிழங்குக்கு வேறு விலை. மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை திப்பி. இது தெரியாமல் ‘டன் என்ன விலைங்கண்ணா?’ என்று மட்டும் கேட்டுவந்தால், உங்கள் அட்டவணையில் ஒப்பிட முடியாத எண்கள்தான் இருக்கும். விவசாயி, ஃபேக்டரிக்காரர், களத்தில் வேலை செய்யும் அக்கா மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில்கள் முரண்பட்டால் ஒன்றைத் தள்ளிவிடாமல் மூன்றையும் எழுதுங்கள். பேசுபவரின் ஒப்புதலை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

குறிப்பெடுக்கும்போதே நூல், ஆண்டு, பக்க எண் மூன்றையும் எழுதுங்கள். நூலாசிரியருடைய வாக்கியத்தை ஒரு நிற மையிலும் உங்கள் எண்ணத்தை வேறு நிறத்திலும் எழுதினால், இரண்டு மாதம் கழித்து எது யாருடையது என்ற குழப்பம் வராது. கருத்துத் திருட்டு குறித்த யுஜிசியின் 2018 விதிகள் பத்து சதவீதம் வரையான ஒற்றுமையைப் பொறுத்துக்கொள்கின்றன. அதைக் காட்டி, பத்துக்குள் அடங்கும்படி சொற்களை மாற்றிப் போடும் பழக்கம் பரவியிருப்பது எனக்கு வேதனை தருகிறது. சொல்லை மாற்றினாலும் கருத்து முதலில் எழுதியவருடையதே. பெயரைச் சொல்லுங்கள்.

எங்கும் கிடைக்காத அரசுக் கணக்குக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். ‘மரவள்ளி பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்காமல் ஆண்டு, வட்டம், பயிர்ப் பரப்பு என்று குறிப்பாகக் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கும் நாள் வேண்டியிருக்கும் என்பதால், செமஸ்டர் தொடங்கிய வாரமே மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைக் குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள்.