சாவி மாறும் நாளை யார் பார்த்துக்கொள்வது?

புக்கிட் மேராவில் நாலைந்து பேர் நடத்தும் மென்பொருள் நிறுவனம் ஒன்று, கிளினிக் செயலியில் சிங்கப்பூரின் தேசிய மின்னடையாளமான சிங்பாஸ் உள்நுழைவைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்யும்போதே ஒரு கேள்வி வரும். உங்கள் பொதுச் சாவிகளை இணைய முகவரியாகத் தருகிறீர்களா, ஜேசன் (JSON) வடிவில் ஒட்டுகிறீர்களா?

ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் சாவியை மாற்றும் ஒவ்வொரு முறையும் யாராவது உள்ளே போய்த் திருத்த வேண்டும். முகவரி கொடுத்தால் புதுச் சாவியைப் பழையதன் பக்கத்திலேயே வைக்கலாம். சிங்பாஸ் தன் தற்காலிக நகலைப் புதுப்பிக்கும்வரை பொறுத்து, புதியதால் கையொப்பமிடத் தொடங்கி, பிறகு பழையதை எடுத்துவிடலாம். பயனர் எவருக்கும் தெரியாது. அந்த முகவரி படுத்துவிட்டால் உள்நுழைவும் படுக்கும் என்பது இதன் விலை. இருந்தும் என் ஓட்டு முகவரிக்கே. எந்த வழியானாலும் அனுப்புமுன் ஒருமுறை பாருங்கள்: சாவிக்குள் ‘டி’ (d) என்றொரு புலம் இருந்தால் அது தனிச்சாவி, வெளியே போகவே கூடாது.

அலுவலக உள்நுழைவுக்கு இன்னும் புழங்கும் சாமல் (SAML) 2.0 நெறிமுறை (2005) வேறு கதை. வாடிக்கையாளர் ஒருவர் இருவர் என்றால் சான்றிதழ் அடங்கிய மெட்டாடேட்டா கோப்பை மின்னஞ்சலில் மாற்றிக்கொள்வதே போதும். சான்றிதழ் முடியும் தேதியை மட்டும் நாள்காட்டியில் போட்டுவையுங்கள். ஷிபொலெத் என்ற சாமல் மென்பொருள் வழக்கமாக அந்தத் தேதியைக் கண்டுகொள்ளாது. கறாராகப் பார்த்துக் கதவடைக்கும் மென்பொருள்களும் உண்டு. வாடிக்கையாளர்கள் பெருகினால் முகவரியிலிருந்து தானாக எடுக்கும் வழிக்கு மாறுங்கள், கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதி இருந்தால் மட்டும்.

பல்கலைக்கழகங்களுக்குச் சேவை விற்பவர்கள், ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் தனித்தனியாகக் கோப்பு கேட்டு அலைய வேண்டாம். கல்வி, ஆய்வு வலையமைப்பான சிங்அரென் நடத்தும் சிங்கப்பூர் அக்சஸ் ஃபெடரேஷன் இதற்காகவே இருக்கிறது. அதன் வழியாக எடுகெயின் என்ற உலகக் கூட்டமைப்பும் கிடைக்கும். அங்கே மெட்டாடேட்டா ஒரே பெருங்கோப்பாக வரும். ஆயிரக்கணக்கான பதிவுகள், சின்ன சர்வர் அதைப் படித்து எழுவதற்குள் மூச்சு வாங்கும். கூட்டமைப்பு எம்டிக்யூ (MDQ) என்ற வசதி தந்தால், தேவையான பதிவை மட்டும் கேட்டு வாங்கலாம். அதையே எடுங்கள்.

கடைசியாக, மெட்டாடேட்டாவில் தொடர்பு முகவரியாக ஊழியர் ஒருவரின் மின்னஞ்சலைப் போடாதீர்கள். குழு முகவரி போடுங்கள்.