ஸ்மார்ட் டீவி: திரையைப் பார்க்குமுன் இயங்குதளத்தைப் பாருங்கள்

சிறு வியாபாரிகளாகிய நாம் ஒரு பொருளைக் கொள்முதல் செய்யும்போது வழமையாக மூன்று விடயங்களைத்தான் பார்ப்போம். விலை என்ன? வொறன்ட்டி எவ்வளவு? ஓட்டம் எப்படி? வானொலிப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் பழைய டீவிக்கும் இந்த மூன்றும் போதுமானவையாக இருந்தன. ஸ்மார்ட் டீவிக்கு இவை போதாது என்பதை நான் நட்டப்பட்டே கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை இவ்வாரம் உங்களுடன் பகிர்ந்துகொள்கின்றேன்.

சில வருடங்களுக்கு முன்னர் தீபாவளி வியாபாரத்துக்கென மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து எட்டு ஸ்மார்ட் டீவிகளை எடுத்து, பெல்மதுளையிலுள்ள என் கடையில் போட்டேன். அதிகம் கேள்விப்படாத பெயர். பெட்டியில் 'அன்ட்ரொய்ட்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. படம் பளிச்சென்று தெரிந்தது. விலையோ பெயர்பெற்ற கம்பனிகளின் விலையில் ஏறத்தாழப் பாதி. தோட்டத்துச் சனங்கள் தவணைக்கு எடுத்துச் சென்றார்கள். பத்து நாட்களில் எட்டும் முடிந்துவிட்டன.

ஒன்றரை வருடம் கழிந்தது. கடைசித் தவணையையும் ஒழுங்காகக் கட்டி முடித்திருந்த ஒரு அம்மா கடைக்கு வந்தார்.

"முதலாளி, டீவி போடுது, படம் தெரியுது. யூடியூப்தான் தொறக்க மாட்டேங்குது. புள்ளைங்க பாடம் பாக்குறதும் அதுலதானே."

"டீவி பழுதில்லையே அம்மா, அது இன்டர்நெட் கோளாறா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு இரண்டாமவர் வந்தார், மூன்றாமவர் வந்தார். மொத்த வியாபாரியிடம் கேட்டால், வொறன்ட்டி திரைக்கும் போர்டுக்கும் மட்டும்தான், சொப்ட்வெயாருக்கு இல்லை என்றார். அந்த அம்மா அதன்பின் என் கடைப் படி ஏறவில்லை. அவருடைய லயத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஏனைய குடும்பங்களின் வரவும் குறைந்துபோனது. டீவியில் கிடைத்த இலாபத்தைவிட அந்த நட்டம் பெரிது.

இயங்குதளம் என்பது என்ன?

திரை கடையின் முகப்பு என்றால், இயங்குதளம் உள்ளே நின்று கடையை நடத்தும் மெனேஜர். யூடியூப், நெட்பிளிக்ஸ் போன்ற செயலிகள் எல்லாம் அவர் மூலமாகவே உள்ளே வரவேண்டும். செயலிகளை நடத்தும் கம்பனிகள் காலத்துக்குக் காலம் தமது முறைகளை மாற்றிக்கொள்வார்கள். அதற்கேற்ப இயங்குதளமும் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்க ஆளில்லாவிட்டால், திரை நன்றாக இருக்கும்போதே டீவி 'ஸ்மார்ட்' என்ற பெயரை இழந்துவிடும்.

இது மலிவான செட்டுகளுக்கு மட்டும் வரும் வியாதியல்ல. 2015 ஏப்ரலில் யூடியூப் தனது பழைய முறையொன்றை நிறுத்தியபோது, 2012ஆம் ஆண்டிலும் அதற்கு முன்னரும் வந்த பல ஸ்மார்ட் டீவிகளில் அந்தச் செயலி நின்றுபோனது. 2019 டிசம்பரில் சம்சுங் கம்பனியின் 2010, 2011ஆம் ஆண்டு மாடல்கள் சிலவற்றில் நெட்பிளிக்ஸ் நின்றது. பனசொனிக் கம்பனி 2015இல் 'பயர்பொக்ஸ் ஓ.எஸ்.' என்ற இயங்குதளத்துடன் டீவிகளை வெளியிட்டது. அதே வருட இறுதியில் மொசில்லா நிறுவனம் அந்த இயங்குதளத்தில் போன்களை விற்கும் முயற்சியைக் கைவிட்டது. ஆகவே இயங்குதளம் நல்லதா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அதற்குப் பின்னால் நிற்பவர் யார், எத்தனை வருடம் நிற்பார் என்றும் கேட்க வேண்டும்.

சந்தையில் உள்ளவை

சம்சுங் டீவிகளில் இருப்பது 'டைசன்'. 2015 முதல் அந்தக் கம்பனி இதைத் தன் டீவிகளில் பயன்படுத்துகிறது. எல்.ஜி. டீவிகளில் இருப்பது 'வெப் ஓ.எஸ்.'. இது முதலில் பாம் என்ற போன் கம்பனியால் செய்யப்பட்டு, எச்.பி. கம்பனியின் கைக்குப் போய், 2013இல் எல்.ஜி.யிடம் வந்தது. 2014 முதல் எல்.ஜி. டீவிகளில் வருகிறது. இவை இரண்டும் கையாள இலகுவானவை. ஆனால் அந்தந்தக் கம்பனியின் ஸ்டோரில் உள்ள செயலிகளுக்குள்தான் நிற்க வேண்டும். ஹைசென்ஸ் கம்பனியின் டீவிகள் பலவற்றில் 'விடா' என்ற இயங்குதளம் இருக்கிறது.

மூன்றாவது வழி கூகுளுடையது. 2014இல் 'அன்ட்ரொய்ட் டீவி' என்ற பெயரில் அறிவிக்கப்பட்டு, 2020 முதல் 'கூகுள் டீவி' என்ற முகத்துடனும் வருகிறது. சொனி, டி.சி.எல். முதலிய பல கம்பனிகள் இதைப் பாவிக்கின்றன. செயலிகள் அதிகம். அன்ட்ரொய்ட் போன் வைத்திருப்பவர் போனில் பார்ப்பதை அப்படியே டீவிக்கு அனுப்பலாம்.

'அன்ட்ரொய்ட்' என்ற பெயரில் உள்ள பொறி

நான் ஏமாந்த இடம் இதுதான். அன்ட்ரொய்டின் அடிப்படைச் சொப்ட்வெயார் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட ஒன்று. அதை எந்தக் கம்பனியும் எடுத்து, கூகுளின் அனுமதியில்லாமலேயே ஒரு டீவிக்குள் போட்டு, பெட்டியில் 'அன்ட்ரொய்ட்' என்று எழுதிவிடலாம். 'அன்ட்ரொய்ட் டீவி', 'கூகுள் டீவி' என்பன கூகுள் சரிபார்த்து அனுமதித்தவை. வெறும் 'அன்ட்ரொய்ட்' அப்படியல்ல.

நமது இரத்தினபுரி மாவட்டத்தாருக்கு கெவுடக் கல்லின் கதையைச் சொல்லத் தேவையில்லை. நாம் பால் நிறமென்று ஒதுக்கிய கல்லை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிச் சென்று, சூடேற்றி, நீலக்கல்லாக்கி விற்றார்கள். அன்று உள்ளே இருந்ததை நாம் அறியவில்லை. இந்த டீவி விடயத்திலோ வெளியே மினுக்கம் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இரண்டிலும் நட்டப்பட்டது வெளியை மட்டும் பார்த்தவர்தான்.

அனுமதியற்ற பொருட்களில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் எப்.பி.ஐ., 'பேட்பொக்ஸ் 2.0' பற்றி எச்சரிக்கை விடுத்தது. டீவி பொக்ஸ் போன்ற பொருட்களில் விற்பனைக்கு முன்பே தீய சொப்ட்வெயார் ஏற்றப்பட்டு, வாங்கியவரின் இன்டர்நெட் இணைப்பையே குற்றவாளிகள் பாவிக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அடுத்த மாதம் இதற்கெதிராக வழக்குத் தொடர்ந்த கூகுள், அனுமதியற்ற ஒரு கோடிக்கும் அதிகமான கருவிகள் இதில் சிக்கியுள்ளதாகக் கூறியது.

இந்தியாவில் நடந்தது

டீவி செய்யும் சிறு கம்பனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதற்கு இந்தியாவின் வழக்கு ஒன்று விளக்கம் தருகிறது. கூகுளின் ஸ்டோர் வேண்டுமானால் அதன் செயலிகள் முழுவதையும் சேர்த்தே போட வேண்டும், அன்ட்ரொய்டை மாற்றியமைத்து வேறு கருவிகள் செய்யவும் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி இந்தியப் போட்டி ஆணைக்குழு 2021இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி இந்திய ரூபா செலுத்தி இணக்கத்துக்கு வந்தது. அதன்படி இந்தியாவில் விற்கும் டீவிகளுக்கு ஸ்டோரை மட்டும் கட்டணம் செலுத்திப் பெறும் வழி திறக்கப்பட்டது. அதே வருடம் பெப்ரவரியில் ஜியோ நிறுவனம் 'ஜியோடெலி ஓ.எஸ்.' என்ற தனது இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது.

நமக்கு இதில் உள்ள பாடம் என்னவென்றால், இனிமேல் 'கூகுள் ஸ்டோர் இருக்கிறது' என்ற சொல் மட்டும் போதாது. இந்தியாவிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் செட் என்றால், அது எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது, வொறன்ட்டி இலங்கையில் செல்லுமா என்றும் கேட்க வேண்டும்.

கொள்முதலுக்கு முன்

1. இயங்குதளத்தின் முழுப் பெயரைக் கேட்டு, மொத்த வியாபாரியின் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

2. ஒரு செட்டைப் பிரித்து, உங்கள் போனின் இன்டர்நெட்டில் இணைத்துப் பாருங்கள். கூகுள் வகையென்றால் பிளே ஸ்டோர் டீவிக்குரிய தோற்றத்தில் திறக்க வேண்டும். போனில் தெரிவதுபோல் தெரிந்தால் சந்தேகியுங்கள். தான் அனுமதித்த டீவிக் கம்பனிகளின் பட்டியலைக் கூகுள் வெளியிட்டிருக்கிறது. அதிலும் பெயரைத் தேடுங்கள்.

3. செட்டிங்ஸில் பாதுகாப்புப் புதுப்பிப்பின் திகதியைப் பாருங்கள். புதுச் செட்டில் பல வருடத்துக்கு முந்திய திகதி இருந்தால், அதைக் கவனிக்க ஆளில்லை என்று அர்த்தம்.

4. வாடிக்கையாளர் கேட்கும் செயலிகளை ஒவ்வொன்றாக அந்த டீவியின் ஸ்டோரிலேயே தேடிப் பாருங்கள்.

5. பெட்டியில் '1+8' என்றிருந்தால் 1 ஜீ.பி. ரெம், 8 ஜீ.பி. சேமிப்பு என்று பொருள். விலை குறைவு, வேகமும் குறைவு. இயன்றால் அதற்கு மேலே போங்கள்.

6. எத்தனை வருடம் புதுப்பிப்புக் கிடைக்கும் என்று கேளுங்கள். 2024இல் சம்சுங் தெரிவுசெய்த மாடல்களுக்கு ஏழு வருடங்களையும், எல்.ஜி. ஐந்து வருடங்களையும் அறிவித்தன.

யாருக்கு எதைக் கொடுப்பது?

போன் பாவிக்கத் தெரிந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு கூகுள் டீவி பொருந்தும். வயதானவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு டைசனோ வெப் ஓ.எஸ்.ஸோ இலகு. காசு குறைந்தவருக்கு மலிவான 'ஸ்மார்ட்' செட்டைத் தள்ளிவிடாதீர்கள். நல்ல திரையுள்ள சாதாரண டீவியைக் கொடுத்து, எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் அனுமதிபெற்ற ஸ்டிக் ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். நாளை இயங்குதளம் பழசானால் ஸ்டிக்கை மட்டும் மாற்றலாம், டீவியை மாற்றத் தேவையில்லை. சிம் ரவுட்டரில் இன்டர்நெட் எடுக்கும் வீடுகளில் டேட்டா முடிந்துவிடும் என்று புதுப்பிப்பை நிறுத்தி வைப்பார்கள். இடைக்கிடை அதைச் செய்யும்படி விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நான் பிந்தித்தான் இதையெல்லாம் விளங்கிக்கொண்டேன். பிறகு அந்த எட்டு வீடுகளுக்கும் ஆளனுப்பி, அனுமதிபெற்ற ஸ்டிக்கை வாங்கிய விலையிலும் குறைத்துத் தருவதாகச் சொன்னேன். ஆறு பேர் எடுத்தார்கள். அந்த அம்மா எடுக்கவில்லை. "ஒருக்கா ஏமாந்தது போதும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க முதலாளி" என்று மகன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

குறையை மறைத்து விற்ற பொருளில் பரக்கத் இல்லை என்று நாம் சொல்வோம். குறையை அறியாமல் விற்றேன் என்பது என் சமாதானம். ஆனால் அறிந்துகொள்ள வேண்டியது விற்பவனின் கடமை, வாங்குபவரின் கடமையல்ல. இப்போது என் கடையில் ஒவ்வொரு டீவியின் விலைத்துண்டிலும் இயங்குதளத்தின் பெயர் எழுதியிருக்கிறது. நீங்களும் எழுதிப் பாருங்கள்.