மரத்தின்மீது கிளை கழிக்க ஏற்ற சங்கிலி வாள்

கைப்பிடி மேற்புறத்தில் அமைந்த சங்கிலி வாள், கயிற்றால் தன்னைப் பிணைத்துக்கொண்டு மரத்தின்மீது கிளை கழிக்கும் பயிற்சி பெற்ற தொழிலாளிக்கென்றே ஏற்பட்டது. தரையில் நின்று அறுப்பதற்குப் பின்பிடி வாளே தக்கது.

வாங்குவோர் முதலில் கவனிக்கவேண்டியது எடை. சங்கிலியும் அது சுற்றும் தகடும் நீங்கலாக 4 கிலோவுக்கு மேற்படாத வாளும், 10 முதல் 14 அங்குலத் தகடும் பெரும்பாலான வேலைக்குப் போதியவை.

அடுத்தது சங்கிலித் தடை. தகட்டு நுனியின் மேற்பாகம் மரத்தில் பட்டால் வாள் திடீரென முகத்தை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்துவது இத்தடையே. வாளைக் கயிற்றில் தொங்கவிடப் பின்புறத்தில் வளையமும் இருத்தல் அவசியம்.

எவ்வாளாயினும் இரு கைகளாலும் பிடித்தே அறுக்கவேண்டும். மேற்பிடி உள்ளதால் ஒரு கை போதுமென்றெண்ணி, மறுகையால் கிளையைப் பற்றினால், அக்கையே வாளின் வழியில் அகப்படக்கூடும்.