தாய்க்கோப்பைக் காக்கும் முறை

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல, செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நம்மிடையே உள்ளன. அவற்றுட் சில, 150 மாணவருக்கும் குறைவானவற்றைக் குறிக்கும் 'குறைந்த மாணவர் பள்ளி' என்னும் பிரிவைச் சேர்ந்தவை. இத்தகைய பள்ளிக்கு முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக் கூட்டம் உயிர்நாடி போன்றது. அக்கூட்டத்தில் காட்டும் பவர்பாயிண்ட் கோப்பு கெட்டுப்போனால், பெற்றோரிடம் எடுத்துரைக்க வேண்டிய செய்தியும் கெடும்.

இக்கோப்புகள் பெரும்பாலும் கைமாறி வருபவை. பெயரின் இறுதியில் 'பி.பி.டி.எம்.' என்றிருந்தால், அதனுள் மேக்ரோ இருக்கக்கூடும் என அறிதல் வேண்டும். மேக்ரோ என்பது, கணினி தானே செய்து முடிக்குமாறு எழுதிவைத்த ஆணைத்தொகுப்பு. புதிர் விளையாட்டில் மதிப்பெண் கூட்டுவது போன்ற நல்ல பணிகளுக்கு அது உதவும். தீயோர் கையில் அதுவே கேடாகும். 1999இல் 'மெலிசா' என்னும் நச்சுநிரல் வேர்டு கோப்பின் மேக்ரோ வாயிலாகவே மின்னஞ்சல்வழி உலகெங்கும் பரவியது. இதன்பொருட்டே, இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களைத் தானாகவே தடுக்கும் முறையை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022இல் கொண்டுவந்தது.

வார்ப்புருக் கோப்பு, அதாவது டெம்ப்ளேட், இதற்கு நல்ல மாற்று. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. வார்ப்புருவும் அத்தகைய தாய்மரமே. அதனை இருமுறை சொடுக்கினால் பெயரிடப்படாத புதிய கோப்பு ஒன்று பிறக்கும். மூலம் மாறாது நிற்கும்.

மாற்றும் முறை வருமாறு:

1. அனுப்பியவர் யாரெனத் தெரியாவிடில் கோப்பைத் திறவாதீர். தெரிந்தவராயின், திருத்த மட்டும் அனுமதியுங்கள். மேக்ரோவை இயக்கும் அனுமதியைத் தரவேண்டா.

2. மூலக்கோப்பின் படியொன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

3. கடந்த ஆண்டின் பெயர்கள், எண்கள், மாணவர் படங்கள் ஆகியவற்றை நீக்குங்கள். பள்ளிச் சின்னம், நிறம், எழுத்துரு ஆகியவற்றை 'ஸ்லைடு மாஸ்டர்' பகுதியில் அமையுங்கள்.

4. 'சேவ் ஆஸ்' சென்று, வகைப்பட்டியலில் 'பவர்பாயிண்ட் டெம்ப்ளேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் இறுதி 'பி.ஓ.டி.எக்ஸ்.' என அமையும். 'மேக்ரோ எனேபிள்டு' என்னும் சொற்கள் அடங்கிய வகை வேறு; அது மேக்ரோவைத் தக்கவைத்துக்கொள்ளும்.

5. எந்த அடைவில் சேமிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். வகையை மாற்றியதும் வார்ப்புருக்களுக்கான தனி அடைவுக்குக் கணினி தானே செல்லக்கூடும்.

6. மேக்ரோவைச் சேமிக்க இயலாது என்னும் எச்சரிக்கை தோன்றினால், 'யெஸ்' என்பதைச் சொடுக்குங்கள். மேக்ரோ நீங்கிய கோப்பு உருவாகும்.

பெயரின் இறுதியெழுத்துகளை மட்டும் திருத்தி எழுதுவது மாற்றமாகாது. உள்ளமைப்பு பழையபடியே இருப்பதால், கோப்பு திறவாமற் போகும்.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். மேக்ரோவால் இயங்கிய பொத்தான்கள் இனி இயங்கா. ஒரு படவில்லையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்கு மட்டுமே அவை பயன்பட்டிருந்தால், 'ஆக்‌ஷன்' கட்டளையின்வழி இணைப்புக் கொடுத்தால் போதும். மதிப்பெண் கூட்டுவது போன்ற வேலைக்கு மேக்ரோ இன்றியமையாததாயின், அக்கோப்பைத் தனியே வைத்து, நம்பத்தக்க கணினியில் மட்டும் பயன்படுத்துதல் நன்று.

ஈப்போவில் உள்ள பெரிய பள்ளியாயினும், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் சிறிய பள்ளியாயினும் முறை ஒன்றே. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் ஆலய நிர்வாகத்தினரும் இதனைப் பின்பற்றலாம். செயலாளர் மாறினாலும் வார்ப்புரு மாறாது; புதியவர் பழையவரின் உழைப்பிலிருந்தே தொடங்குவார்.

பயிற்சி: உங்கள் சங்கத்தின் கோப்பு ஒன்றை எடுத்து, மேற்கூறிய ஆறு படிகளையும் செய்து பாருங்கள். பின்னர் வார்ப்புருவைத் திறந்து, புதிய கோப்பு பிறக்கிறதா எனச் சோதித்தறியுங்கள்.