எள்ளும் வெல்லமும்: அண்டை வீடு என்னும் சாதனைக் களம்

மகர சங்கராந்தியன்று மாலையில் பெங்களூரின் பழைய பகுதிகளான மல்லேஸ்வரம், பசவனகுடி, சாமராஜபேட்டை ஆகிய இடங்களின் தெருக்களில் நடந்து செல்பவர்கள் ஓர் இனிய காட்சியைக் காணலாம். புத்தாடை அணிந்த சிறுமிகள் தங்கள் தாய்மார்களுடன் கையில் தட்டு ஏந்தி வீடுவீடாகச் செல்வார்கள். வெள்ளை எள், வெல்லத் துண்டுகள், கொப்பரைத் துண்டுகள், வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவை கலந்த ‘எள்ளு பெல்ல’ அந்தத் தட்டில் இருக்கும். கூடவே ஒரு கரும்புத் துண்டு, சர்க்கரை அச்சு, இலந்தைப் பழம், மஞ்சள் குங்குமம். இதனை ‘எள்ளு பீருவுது’ என்று கன்னடத்தில் கூறுவார்கள். எள்ளும் வெல்லமும் உண்டு நல்லதையே பேசுவோம் என்பது அந்த வழக்கத்தின் உட்கருத்து.

எள்ளில் சிறிது கசப்பு உண்டு. வெல்லம் அந்தக் கசப்பை ஏற்றுத் தன் இனிமையை அதற்கு அளிக்கிறது. அண்டை வீட்டாருடன் வாழ்வதன் இலக்கணம் முழுவதையும் நம் முன்னோர் ஒரு பிடி எள்ளில் வைத்துவிட்டார்கள்.

அந்தத் தட்டு இன்று எத்தனை வாசல்களுக்குள் செல்ல முடிகிறது? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் மல்லேஸ்வரத்தில் நெடுங்காலமாக வசிக்கும் தமிழ்த் தாயார் ஒருவர்.

ஒரு தாயாரின் கேள்வி

அவர் வீட்டிற்கு எதிரே இருந்த ஓட்டு வீடு இடிக்கப்பட்டு, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. 2023 சங்கராந்தியன்று அவர் வழக்கம்போல் எள்ளும் வெல்லமும் எடுத்துக்கொண்டு அங்கே சென்றார். வாயிற்காவலர் அவரை நிறுத்தி, உள்தொலைபேசியில் ஒவ்வொரு வீடாக அழைத்துக் கேட்டார். பல வீடுகளில் பதில் இல்லை. ஒரு வீட்டிலிருந்து, “எங்களுக்கு எதுவும் வேண்டாம், நன்றி” என்று பதில் வந்தது. தட்டுடன் அவர் வீடு திரும்பினார்.

சில நாட்களுக்குப் பின் அவர் என்னிடம் கேட்டார்: “சுவாமி, அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் மனம் ஆறவில்லை. நான் கொண்டு போனது தவறா? இனிமேல் இதையெல்லாம் விட்டுவிடலாமா?”

உடனே என்னால் பதில் கூற இயலவில்லை. அவருடைய வருத்தம் ஒரு தட்டு எள்ளைப் பற்றியது மட்டுமல்ல. தாம் வாழ்நாள் முழுவதும் தர்மம் என்று நம்பிச் செய்துவந்த ஒன்று பொருளற்றதாகிவிட்டதோ என்ற கலக்கம் அது. அக்கேள்விக்கு விடை காண, முதலில் அந்நகரம் மாறிய விதத்தைச் சற்றுப் பார்ப்போம்.

தேவை வளர்த்த உறவு

1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கம் மிகுந்த பழைய பேட்டைப் பகுதியிலிருந்து மக்கள் வெளியேறினர். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தன. தோட்டமும் கிணறும் சூழ்ந்த தனி வீடுகளோடு, ‘வடாரா’ எனப்படும் குடியிருப்புகளும் நகரெங்கும் இருந்தன. நம் ஊர் ஒண்டுக் குடித்தனம்தான் அது. ஒரே முற்றம், ஒரே கிணறு அல்லது குழாய், வரிசையாகச் சிறு சிறு வீடுகள். அங்கே ஒரு வீட்டில் தயிருக்கு உறை இல்லையென்றால் அடுத்த வீட்டில் வாங்குவார்கள். காபிப் பொடி ஒரு கிண்ணத்தில் போகும்; அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது.

அக்காலத்தை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. குழாயடிச் சண்டைகளும் வம்புப் பேச்சும் அங்கே இருந்தன. பலகாரத் தட்டு எந்த வீட்டிற்குப் போகலாம், எந்த வீட்டிற்குப் போகக்கூடாது என்பதைச் சாதி நிர்ணயித்ததும் உண்டு. எனினும் ஒருவர் மற்றவரின்றி வாழ முடியாது என்பது அனைவருக்கும் கண்கூடாகத் தெரிந்திருந்தது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூர் பெருநகரின் மக்கள் தொகை சுமார் 57 லட்சம். 2011-இல் சுமார் 85 லட்சம். தகவல் தொழில்நுட்ப வேலைகளை நாடி நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். இன்று தயிர் தேவையென்றால் கைபேசியைத் தொட்டால் போதும்; சில நிமிடங்களில் வாசலுக்கு வந்துவிடுகிறது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய தேவையே இல்லை.

முன்பு தேவை அக்கம்பக்கத்தாரை இணைத்து வைத்தது. இன்று அத்தேவை நீங்கிவிட்டது. ஆகவே, தேவை செய்துவந்த பணியை இனி சிரத்தைதான் செய்ய வேண்டும். தானாக நிகழ்ந்துவந்த ஒன்று, மனமுவந்து மேற்கொள்ளும் சாதனையாக உயரும் வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது.

சாஸ்திரம் காட்டும் வழி

இல்லறத்தார் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து பெருவேள்விகளை நம் சாஸ்திரங்கள் விதித்துள்ளன. தேவர், ரிஷிகள், முன்னோர், மனிதர், பிற உயிர்கள் ஆகிய ஐவருக்கும் நாம் பட்டுள்ள கடனை நினைந்து செய்பவை அவை. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான், ஒருவரையொருவர் பேணி வளர்ப்பதே வேள்வியின் தத்துவம் என்பதைத் தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் உள்ள உறவைக் கொண்டு விளக்குகிறார். பெற்றதைப் பகிராமல் தானே உண்பவனைத் திருடனுக்கு ஒப்பிடவும் அவர் தயங்கவில்லை.

வள்ளுவப் பெருமான் இதனை மேலும் நுட்பமாகப் பகுத்துள்ளார். வறியவர்க்குக் கொடுப்பதை ‘ஈகை’ என்ற அதிகாரத்தில் கூறும் அவர், அதற்கு முன்பே ‘ஒப்புரவறிதல்’ என்று ஓர் அதிகாரம் அமைத்திருக்கிறார். உடன் வாழ்பவர்களோடு இசைந்து, அவர்களுக்குப் பயன்படுமாறு வாழ்வது ஒப்புரவு. அத்தகையவனிடம் சேர்ந்த செல்வத்தை ஊரார் நீருண்ணும் குளம் நிறைந்ததற்கு அவர் ஒப்பிடுகிறார். அண்டை வீட்டாருடன் பகிர்வது ஈகையன்று, ஒப்புரவு. ஈகையில் இருப்பவர், இல்லாதவர் என்ற வேறுபாடு உண்டு. ஒப்புரவில் இருவரும் ஒரே குளத்தின் கரையில் நிற்பவர்கள்.

அந்தத் தாயார் கேள்வி கேட்டபோது, தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியை நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கல்வி முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஆசாரியர் அங்கே உபதேசிக்கிறார். என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதைக் காட்டிலும் கொடுக்கும் மனநிலையையே அவர் வற்புறுத்துகிறார்.

முதலாவது சிரத்தை. கொடுப்பதில் நம்பிக்கையும் மதிப்பும் இருக்க வேண்டும்; அவையின்றிக் கொடுப்பதை உபநிஷதம் விலக்குகிறது. வீட்டில் மிஞ்சியதைத் தள்ளிவிடுவது பகிர்தல் ஆகாது.

இரண்டாவது, நம் வளத்திற்கு ஏற்பக் கொடுத்தல். இயன்றதை ஒளித்து வைப்பதும் குறை. இயலாததைக் காட்டிக்கொள்ள முயல்வதும் குறை.

மூன்றாவது நாணம். ‘இவ்வளவுதானே நம்மால் கொடுக்க முடிகிறது’ என்ற கூச்சம் கொடுப்பவனிடம் இருந்தால், வாங்குபவன் கூச வேண்டியிராது.

நான்காவது அச்சம். ‘நான் கொடுக்கிறேன்’ என்ற அகந்தை புகுந்துவிடுமோ, பெறுபவர் மனம் புண்பட்டுவிடுமோ என்ற எச்சரிக்கையாக இதனைக் கொள்ளலாம்.

ஐந்தாவது ‘ஸம்வித்’. இச்சொல்லுக்கு அறிவு என்ற பொருள் உண்டு. ஆனால் ஸ்ரீ சங்கரர் தமது உரையில் இதனை நட்பு முதலிய செயல் என்று விளக்குகிறார். எந்தத் தமிழ்ச் சொல்லை இடுவது என்று நான் பல நாட்கள் தயங்கினேன். பெறுபவரின் நிலையை அறிந்து, அவருக்கு நண்பராகி, பின்னர் கொடுப்பது என்று கொண்டால் இரு பொருள்களும் ஒன்றுசேர்கின்றன.

தாயாரின் கேள்விக்கு விடை இங்கே கிடைத்தது. அவரிடம் சிரத்தை இருந்தது; நாணமும் இருந்தது. ஆனால் ஸம்வித் மலர்வதற்கு இன்னும் வாய்ப்பு அமையவில்லை. அறிமுகமே இல்லாத ஒருவரின் கதவை முதன்முதலாகத் தட்டும்போது, உள்ளே இருப்பவர் தயங்குவது இயல்பு. அதில் அவமதிப்பு ஏதுமில்லை.

பெறுவதும் ஒரு தானம்

நான் அவரிடம் கூறினேன்: “அம்மா, இத்தனை ஆண்டுகளாகக் கொடுத்தே பழகிவிட்டீர்கள். அவர்களிடமிருந்து ஏதேனும் ஒன்றைப் பெற முடியுமா என்று பாருங்கள்.”

கொடுப்பவனே பெறுபவனுக்கு நன்றியுடையவனாக இருக்க வேண்டும் என்பது, 1895-96-இல் நியூயார்க்கில் நிகழ்த்திய கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுவாமி விவேகானந்தர் வலியுறுத்திய கருத்து. அது உண்மையானால், ஒருவரிடம் உதவி கேட்பது அவருக்கு நாம் அளிக்கும் ஒரு நல்வாய்ப்பு அல்லவா? எப்போதும் கொடுப்பவராகவே இருக்க விரும்புவதில் மிக நுண்ணிய அகங்காரம் ஒளிந்திருக்கக்கூடும்.

சில மாதங்கள் கழித்து, மின்கட்டணத்தைக் கைபேசி வழியாகச் செலுத்தத் தெரியாமல் தவித்த அந்தத் தாயார், எதிர்க் குடியிருப்பின் வாசலில் நின்ற இளம்பெண் ஒருவரிடம் தயங்கித் தயங்கி உதவி கேட்டார். பாட்னாவிலிருந்து வந்தவர் அந்தப் பெண். இரண்டு நிமிடங்களில் வேலை முடிந்தது. அன்றிலிருந்து இருவரும் பேசத் தொடங்கினர்.

2024 கோடையில் பெங்களூர் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தைக் கண்டது. முந்தைய ஆண்டு மழை பொய்த்ததால் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. 1974 முதல் அந்நகரம் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேலேற்றப்படும் காவிரி நீரைப் பருகி வருகிறது. அக்குழாய் எட்டாத இடங்கள் தண்ணீர் லாரிகளை நம்பியிருந்தன. எதிர்க் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறும் வறண்டது. தாயாரின் பழைய வீட்டில் காவிரிக் குழாய் இருந்தது. குழந்தைக்காக இரண்டு குடம் தண்ணீர் கேட்க அந்த இளம்பெண் தயங்கவில்லை. முன்பே கேட்டு வழிகாட்டியவர் தாயார் அல்லவா! வள்ளுவர் கூறிய ஊர்க்குளம் அந்தச் சிறிய தெருவில் நிறைந்தது.

2025 சங்கராந்தியன்று தட்டு எதிர் வீட்டிற்குள் சென்றது. அங்கிருந்து எள்ளும் வெல்லமும் சேர்ந்த பீகாரின் ‘தில்குட்’ திரும்பி வந்தது. வாயிற்காவலருக்கும் ஒரு பிடி எள்ளு பெல்ல கிடைத்தது. அஸ்ஸாமைச் சேர்ந்த அவர், தம் ஊரில் மாக பிஹுவுக்குச் செய்யும் எள் பிட்டாவை நினைவுகூர்ந்தாராம். மகாராஷ்டிரத்திலும் இந்நாளில் எள்ளுருண்டை கொடுத்து இனிமையாகப் பேசச் சொல்வார்கள். அந்நியர் என்று நாம் நினைப்பவர், நம் தட்டில் உள்ள எள்ளைத் தம் வீட்டிலேயே அறிந்திருக்கிறார்!

மொழி கடந்த உறவு

‘அவர்கள் மொழி எனக்குத் தெரியாதே’ என்று சிலர் தயங்கலாம். அத்தகையோர் 1911 மார்ச்சில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர வேண்டும். ராமேஸ்வர யாத்திரைக்குப் பின், சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் அழைப்பை ஏற்று அன்னை ஸ்ரீ சாரதாதேவியார் பெங்களூர் ஆசிரமத்திற்கு எழுந்தருளினார். பசவனகுடியில் அவர் அமர்ந்து தியானித்த பாறை இன்றும் போற்றப்படுகிறது. ஒருநாள் ஆசிரமத்தில் பக்தர்கள் பெருந்திரளாக அவரை வணங்கி அமைதியாக அமர்ந்திருந்தனர். இவர்களுடைய மொழி தெரிந்திருந்தால் நாலு வார்த்தை கூறலாமே என்று அன்னை வருந்தினார். அது மொழிபெயர்க்கப்பட்டபோது, பேச்சே தேவையில்லை, எங்கள் உள்ளம் நிறைந்துவிட்டது என்று பக்தர்கள் கூறினார்கள். மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்டவன் நான். சில வேளைகளில் மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை என்பதை அந்த நிகழ்ச்சி எனக்கு நினைவூட்டுகிறது.

உலகில் யாருமே அந்நியரல்லர், அனைவரையும் சொந்தமாக்கிக்கொள்ளக் கற்க வேண்டும் என்பதே 1920-இல் உடலை உகுப்பதற்குச் சில நாட்கள் முன்பு அன்னை அளித்த உபதேசம். சொந்தமாக்கிக்கொள்ள ‘கற்க’ வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது. அது படிப்படியாகப் பயில வேண்டிய பாடம்.

நாம் செய்யக்கூடியவை

இப்பாடத்தைப் பயில எளிய சில பயிற்சிகளை மேற்கொள்ளலாம்.

நம் வீட்டின் இருபுறமும், எதிரிலும் வசிப்பவர்களின் பெயர்களை அறிந்துகொள்வோம். காவலர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் பெயர்களும் அதில் அடங்க வேண்டும்.

வாரம் ஒருமுறையேனும், சமைத்ததில் ஒரு பங்கை ஒரு வீட்டிற்கு அளிப்போம். அவர்கள் எதை உண்பார்கள், எதை உண்ணமாட்டார்கள் என்று முன்பே கேட்டறிவதும் ஸம்வித்தே.

மாதம் ஒருமுறையேனும், சிறியதொரு உதவியை அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெறுவோம்.

மறுக்கப்பட்டால் மனம் வாடாமல், அவர்களுடைய நலனுக்காக ஒரு கணம் பிரார்த்திப்போம். மூடிய கதவின் முன் செய்யும் பிரார்த்தனையும் மனித வேள்வியே.

உலகம் முழுவதிலும் இறைவனைக் காண விழைகிறோம். அதற்கான முதல் படி நம் வாசற்படியை அடுத்தே இருக்கிறது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்போது, உள்ளிருந்து திறக்கப் போகிறவர் அவரே என்ற நினைவுடன் நிற்போமாக. கதவு திறக்கச் சற்றுத் தாமதமாகலாம். எள்ளும் வெல்லமும் அதற்குள் கெட்டுவிடுவதில்லை.