கிண்டியில் படித்த கேப்டன்



சென்ற ஆண்டு டிபார்ட்மென்ட் மேட்ச்சில் மெக்கானிக்கலுக்கு நான்தான் கேப்டன். முதல் ரவுண்டிலேயே தோற்றோம். இந்த ஆண்டு லிஸ்ட்டில் என் பெயர் பன்னிரண்டாவது! பத்து நாள் கிரவுண்டு பக்கமே போகவில்லை. அப்போது குரோம்பேட்டையில் இருக்கும் என் தாத்தா, "வெங்கட்டையே தண்ணி தூக்க வெச்சாங்கடா, நீ என்ன பெரிய இவனா?" என்றார். அந்த வெங்கட்டைப் பற்றித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

எஸ். வெங்கட்ராகவன் 1945-ல் பிறந்த சென்னைக்காரர். தாம்பரத்திலிருந்து 21ஜி பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் பார்க்கும் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். (1989-ல் இந்திய கேப்டனான ஸ்ரீகாந்தும் அங்கே படித்தவர்தான்.) 1965-ல் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்ட்டில் 12 விக்கெட் எடுத்தபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை.

அவருக்கு வாய்த்த கஷ்டம், அதே காலத்தில் பிரசன்னாவும் இருந்ததுதான். இருவருமே ஆஃப் ஸ்பின்னர்கள். பிரசன்னா பந்தை மேலே தூக்கிப் போட்டு பேட்ஸ்மேனை முன்னால் இழுத்து ஏமாற்றுவார். வெங்கட் நல்ல உயரம். அதிகம் தூக்காமல், கொஞ்சம் வேகமாக, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருப்பார். அடிக்க இடமே கொடுக்கமாட்டார். பேடி, சந்திரசேகரையும் சேர்த்து நான்கு பேரும் ஒன்றாக ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று, 1967-ல் பர்மிங்காமில். மற்ற நேரமெல்லாம் யாராவது ஒருவர் வெளியே. பல தடவை அது வெங்கட். ஆனால் 1971-ல் வெஸ்ட் இண்டீஸில் நாம் முதன்முதலாகத் தொடரை வென்றபோது நம் பக்கம் அதிக விக்கெட் எடுத்தவர் அவரே. 22 விக்கெட்!

தாத்தா சொன்ன விஷயம் 1974-ல் நடந்தது. பட்டோடிக்குக் காயம், கவாஸ்கருக்கும் காயம். டெல்லி டெஸ்ட்டுக்கு வெங்கட் கேப்டன். ரிச்சர்ட்ஸ் 192 அடித்தார், தோற்றோம். அடுத்த கல்கத்தா டெஸ்ட்டில் வெங்கட் பன்னிரண்டாவது ஆள். கேப்டன் தொப்பி போட்ட மறு மேட்ச்சிலேயே தண்ணி பாட்டில். நானாக இருந்தால் ஊருக்கு ரயில் ஏறியிருப்பேன்.

அவர் ஏறவில்லை. 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைக்கும் அவர்தான் கேப்டன். இரண்டிலும் நாம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 1979 ஓவல் டெஸ்ட்டில் 438 ரன் இலக்கை விரட்டி 429-க்கு 8 விக்கெட் வரை வந்து டிரா. ஒன்பது ரன்தான் பாக்கி! அந்தத் தொடர் முடிந்து திரும்பும் வழியில், கேப்டன் பதவி கவாஸ்கருக்குப் போய்விட்டது என்ற அறிவிப்பு விமானத்திலேயே வந்தது.

தமிழ்நாட்டு அணிக்கு மட்டும் பத்து வருஷத்துக்கு மேல் அவரே தலைவர். 1973 ரஞ்சி இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். பம்பாயை 151, 113 என்று சுருட்டினோம். நாம் எடுத்ததோ 80, 61. சிவால்கர் சுழற்றித் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே கதை முடிந்தது. தாத்தா அன்று புளிசாதம் கட்டிக்கொண்டு போனவர், "டிபன் பாக்ஸைத் திறக்கலைடா" என்று இன்றும் புலம்புவார். கடைசிவரை அந்தக் கோப்பை வெங்கட் கைக்கு வரவில்லை. 1987-88-ல் தமிழ்நாடு ஜெயித்தபோது கேப்டன் வாசுதேவன்.

கோப்பையை மட்டும் கணக்கில் வைத்தால் வெங்கட் தோற்ற கேப்டன்தான். ஆனால் ரஞ்சியில் 530 விக்கெட், டெஸ்ட்டில் 156. 1965-ல் தொடங்கி 1983 வரை, வெளியே தள்ளத் தள்ளத் திரும்பி வந்து 57 டெஸ்ட் ஆடினார். 1993 முதல் 2004 வரை அம்பயராக 73 டெஸ்ட். ஆடியதை விட நின்றது அதிகம்! பிறகு வந்த அஸ்வினும் இன்ஜினீயர்தான், ஆஃப் ஸ்பின்னர்தான். படித்தது நம் பக்கம், காலவாக்கத்தில். வெளிநாட்டு டெஸ்ட்களில் அவரையும் பல தடவை வெளியே உட்கார வைத்தார்கள்.

திங்கட்கிழமை நெட்ஸுக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கிட் பேகைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். சிவிலோடு மேட்ச் இன்னும் பாக்கி இருக்கிறது.