தண்ணீர்க் கணக்கைக் கேட்டால் அவதூறா?

கேள்வி: எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். "லாரித் தண்ணீர் வரவேயில்லை, பில் மட்டும் எப்படிப் போனது? மெம்பர் பணத்தைத் தின்றுவிட்டார்" என்று எழுதினேன். எனக்கு ஆதரவாக வந்த ஒருவர், மறுத்துப் பேசிய பட்டியல் சாதிக்காரரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டிவிட்டார். இப்போது மெம்பர், "118ஏ-வில் உள்ளே தள்ளுவேன்" என்கிறார். பேச்சுரிமை என்பதெல்லாம் ஏட்டில்தானா?
- வாசகர், கோவிந்தாபுரம், பாலக்காடு மாவட்டம்

பதில்: அந்த 118ஏ இப்போது உயிரோடு இல்லை. கேரள போலீஸ் சட்டத்தில் அதை 2020 நவம்பரில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். மூன்றாண்டு சிறை வரை போகும் பிரிவு. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். அதற்கு முன்பிருந்த 118(டி)யை 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-வோடு சேர்த்து உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. மெம்பர் காட்டுவது வெறும் பூச்சாண்டி.

அவரிடம் மீதியிருப்பது அவதூறு, பாரதிய நியாய சம்ஹிதையின் 356-வது பிரிவு. இதற்கு போலீஸ் நேராக எஃப்ஐஆர் போட முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். அரசும் உள்ளாட்சி அமைப்பும் தங்கள் பெயர் கெட்டதென்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1994-ல், நக்கீரன் பத்திரிகை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிகாரிகளுக்கும், அரசுப் பணி சார்ந்த விமர்சனத்தில், ஏறக்குறைய அதே தடைதான்: உண்மையா பொய்யா என்று பாராமல் பொய்யை எழுதியதை அவர்கள் நிரூபித்தாக வேண்டும்.

ஆனாலும் உங்கள் இரண்டாவது வாக்கியம் வம்பு. "பில் எப்படிப் போனது?" என்பது கேள்வி, யாரும் கேட்கலாம். "தின்றுவிட்டார்" என்றால் குற்றச்சாட்டு. 356-வது பிரிவு வழக்கில் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டியவர் நீங்கள். லாரி எத்தனை முறை வந்தது, எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்ற பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதுவரை அந்த வாக்கியத்தை விலக்கிக்கொள்வது நல்லது.

எனக்குக் கவலை தருவது உங்கள் ஆதரவாளர்தான். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர், பொதுப் பார்வையில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)-ன்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. முன்ஜாமீனும் எளிதில் கிடைக்காது. ஊர்க்காரர்கள் பலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவைப் பொதுப் பார்வை என்றே புகார்தாரர் வாதிடுவார். பேச்சுரிமை தரும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) இந்தப் பேச்சைக் காப்பாற்ற வராது. வரவும் கூடாது என்பது என் கருத்து. தண்ணீர் கேட்கும் இடத்தில் சாதி எதற்கு?

அட்மின் என்பதற்காக மட்டும் மற்றவர் பதிவுக்கு நீங்கள் பொறுப்பாளி ஆக மாட்டீர்கள். 2022-ல் கேரள உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்காகச் சும்மா இருக்காதீர்கள். முதலில் அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு நீக்குங்கள். திட்டியவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, திட்டு வாங்கியவரிடம் அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். சமாதானம் பேசப் போகாதீர்கள்.